சூடானால் அணைந்துபோகும் வண்டி: டிஸ்ட்ரிபியூட்டர் சென்சாரை ஸ்கோப்பில் எப்படிப் பார்ப்பது?

கொரட்டூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1999இல் வாங்கிய பெட்ரோல் கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. நான்கு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர்). எந்தக் கம்பெனி என்பதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று பேச்சு திரும்பி, என் கேள்வி அடியில் போய்விடும். தெரிய வேண்டியது இவ்வளவுதான்: வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) இருக்கிறது. தீப்பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் இக்னிஷன் காயிலும், அந்தக் காயிலை இயக்கும் மின்னணு சுவிட்சான இக்னைட்டரும் அதற்குள்ளேயே இருக்கின்றன. உள்ளே சுழலும் ரோட்டாருக்குக் கீழே மூன்று சிறிய சென்சார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிகள்.

காலையில் ஒரு குறையும் இல்லை. மதிய வெயிலில் நெரிசலில் நின்று நின்று போனால் அணைந்துவிடுகிறது. பெரும்பாலும் திருமங்கலம் சிக்னலில், இல்லாவிட்டால் பாடி மேம்பாலத்தில் ஏறுவதற்கு முன்னால். செல்ஃப் நன்றாகச் சுழற்றுகிறது. ஆனால் என்ஜின் பற்றுவதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடுகிறது.

பிக்கப் காயில் (அந்தச் சென்சாரின் சுருள்) போய்விட்டது, டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாக மாற்றிவிடலாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். புதியது எங்கும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய பழையதுதான். அவர் காட்டும் ஆதாரம் மல்டிமீட்டர். குளிர்ந்த நிலையில் ஒரு சென்சார் 410 ஓம் காட்டியது. வண்டி அணைந்த உடனே அளந்தால் அதே சென்சார் 495 ஓம். "சூட்டில் எப்படி ஏறுகிறது பாருங்கள்" என்றார்.

நண்பன் ரிச்சி தெருவில் வாங்கிய கையடக்க ஆசிலோஸ்கோப்பை (வோல்ட் மாறுவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) கொடுத்திருக்கிறான். இரண்டு சேனல், பேட்டரியில் ஓடுவது. எதையோ எதிலோ மாட்டி செல்ஃப் அடித்தால் திரையில் மேடும் பள்ளமுமாக வருகிறது. எத்தனை வோல்ட் வர வேண்டும்? எந்தக் கம்பியில் எதை மாட்டுவது? ஈசியூவுக்கு (என்ஜினை நடத்தும் கணினிக்கு) ஏதாவது ஆகிவிடுமா? எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரியும், வண்டி கொஞ்சம் தெரியும்; இரண்டும் சேரும் இடத்தில்தான் விழிக்கிறேன்.

ஜி.பி. ரோடு வாடிக்கையாளர்

ஸ்கோப் எல்லாம் எதற்கு? முதலில் பெட்ரோல் பம்ப்பின் ரிலேயைப் பாருங்கள். உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தால் சூட்டில் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொல்லும் அதே குணம். அணைந்து நிற்கும்போது சாவியைத் திருப்பி வைத்துக் காது கொடுங்கள். பின் சீட்டுப் பக்கம் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிற்கும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிடுங்கள்.

சத்தம் வந்தால், அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது டிஸ்ட்ரிபியூட்டரை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை.

பழைய ஃபிட்டர்

ரிலேயைப் பற்றி மேலே சொன்னவர் சொன்னது சரி. காசு செலவில்லாத சோதனை, முதலில் அதைச் செய்யுங்கள். இரவல் டிஸ்ட்ரிபியூட்டர் யோசனைதான் எனக்கு ஒப்பவில்லை. இருபத்தைந்து வருடம் ஓடிய இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டர் நல்லது என்று யார் சான்று கொடுத்தார்கள்? அதுவும் சூட்டில் படுத்தால் இரண்டு பேர் வண்டியும் சந்தேகத்தில் நிற்கும்.

தம்பி, அந்த 495 ஓம் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். அதை வைத்துத்தானே தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். சென்சாருக்குள் இருப்பது மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். செப்பின் மின்தடை டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் என்ற அளவில் வெப்பத்தோடு கூடும். காலையில் 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 410 ஓம் 495 ஆவதற்குச் சுருள் 87 டிகிரிக்குச் சூடாக வேண்டும். சிலிண்டர் ஹெட்டோடு ஒட்டி நிற்கும் ஒரு பாகம், மே மாதச் சென்னையில், நெரிசலில், 87 டிகிரிக்குப் போகாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். உங்கள் மெக்கானிக் அளந்தது வெப்பநிலையை. அதையும் துல்லியமாகவே அளந்திருக்கிறார்.

ஓம் அளவே வீண் என்று சொல்லவில்லை. சுருள் அறுந்திருந்தால் முடிவிலி காட்டும். உடலோடு கசிவு இருந்தால் ஒரு முனைக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் இடையே அளந்தால் தெரியும். இந்த இரண்டில் ஒன்று வந்தால் சென்சார் குற்றவாளிதான். எண் சரியாக இருப்பதால் மட்டும் சென்சார் நல்லது என்று ஆகிவிடாது. காந்தம் விரிசல் விட்டிருக்கலாம், சுழலும் சக்கரத்தின் பல்லுக்கும் சென்சார் முனைக்கும் இடைவெளி மாறியிருக்கலாம், தண்டு ஆடலாம், அதிர்வில் மட்டும் கம்பி விட்டுப்போகலாம். இவை எதுவும் நிற்கும் வண்டியில் மல்டிமீட்டருக்குத் தெரியாது. அதற்குத்தான் ஸ்கோப்.

இரண்டு கம்பி என்றால் உங்களுடையது பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. நிலைக்காந்தம், அதைச் சுற்றிய சுருள், எதிரே சுழலும் பல்சக்கரம். பல் நெருங்கும்போதும் விலகும்போதும் காந்தப்புலம் மாறுகிறது. மாறுவதால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டது, அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை. ஆகவே 'எத்தனை வோல்ட்' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சுழற்சி எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் நிமிடத்துக்கு 200 சுற்று, ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) 800 என்றால் அலையின் உயரம் கிட்டத்தட்ட நான்கு மடங்காக வேண்டும். எனக்கு அந்த விகிதம்தான் முக்கியம். செல்ஃபில் ஒரு வோல்ட்டை ஒட்டியும் ஐடிலிங்கில் சில வோல்ட்டும் வந்தால் வழக்கமான கதை. ஈசியூவுக்குள் உச்சியை வெட்டும் டயோடு இருந்தால், வேகம் கூடும்போது உச்சி தட்டையாகும். அது கோளாறு அல்ல.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி தளர்ந்து செல்ஃப் மெதுவாகச் சுழற்றினால் சென்சாரின் அலையும் குட்டையாகிவிடும், ஈசியூ அதை அடையாளம் காணாது, வண்டி கிளம்பாது. ஸ்கோப்பில் பார்ப்பவர் சென்சாரைக் குறை சொல்வார். அதனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்குகிறது என்பதையும் குறித்துவையுங்கள். 9.6க்குக் கீழே போனால் முதலில் பேட்டரி.

இப்போது மாட்டும் முறை. புரோபை (ஸ்கோப்பின் தொடுமுனை) 10 மடங்கு நிலையில், அதாவது சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலையில் வையுங்கள். ஸ்கோப்பின் அமைப்பிலும் அதையே சொல்லிவையுங்கள். கனெக்டரைக் கழற்றாமல், கம்பி உள்ளே நுழையும் பின்பக்கத்தில் ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசியைச் செருகி அதில் புரோபை மாட்டுங்கள். கம்பியின் உறையைக் குத்தாதீர்கள். குத்திய துளை சின்னதுதான்; கடற்கரை ஊரில் அதற்குள் உப்புக் காற்று போய்ச் செம்பு பச்சை பூத்து, ஒரு மழைக்காலம் தாண்டியதும் புதிதாக ஒரு கோளாறு பிறக்கும்.

உங்கள் ஸ்கோப் பேட்டரியில் ஓடுவது, நல்லது. ஆனாலும் இதை மறக்காதீர்கள்: இந்த விலைக் கருவிகளில் இரண்டு சேனல்களின் எர்த் கிளிப்புகளும் உள்ளே ஒன்றாகவே இணைந்திருக்கும். ஒன்றை ஒரு கம்பியிலும் மற்றொன்றை வேறு கம்பியிலும் மாட்டினால் அந்த இரண்டு கம்பிகளும் ஸ்கோப் வழியாக ஷார்ட் ஆகிவிடும். ஆகவே இரண்டு கிளிப்புகளும் பேட்டரியின் நெகட்டிவில். புரோப் முனை மட்டும் சென்சார் கம்பியில். இரண்டு கம்பிகளில் ஒன்றில் அலை வரும், மற்றது அநேகமாக ஈசியூ வழியாக எர்த்தில் இருக்கும். இரண்டிலும் பாதி பாதியாக அலை வந்தால், இரண்டு சேனல்களையும் ஆளுக்கு ஒரு கம்பியில் வைத்து வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மேசை ஸ்கோப் வைத்திருப்பவர்கள் எர்த் கிளிப்பைச் சென்சார் கம்பியில் மாட்டவே கூடாது. அது சுவர் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது.

பிளக் கம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கொம்புகள் பக்கம் புரோபைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் நடமாடுகிறது. ஸ்கோப் போனால் இன்னொன்று வாங்கலாம்.

நேர அளவு: நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் பாதி வேகத்தில் சுழலும். 800 சுற்று ஐடிலிங்கில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 400 சுற்று. ஒரு சுற்றுக்கு 150 மில்லி விநாடி. ஒரு கட்டத்துக்கு 20 மில்லி விநாடி வைத்தால் ஒரு முழுச் சுற்று திரையில் அடங்கும். செல்ஃப் அடிக்கும்போது ஒரு சுற்றுக்கு 600 மில்லி விநாடி ஆகும், 100க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று சென்சார்களில் ஒன்று முதல் சிலிண்டருக்காகச் சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பு கொடுக்கும். அதை ஒரு சேனலில் வைத்து டிரிகர் செய்தால் (அந்தத் துடிப்பு வரும்போதெல்லாம் திரை வரையத் தொடங்கும்படி அமைத்தால்) மற்றதன் படம் அசையாமல் நிற்கும். இல்லாவிட்டால் ஓடும் படத்தைப் பார்த்தே கண் வலிக்கும்.

மூன்றையும் குளிரில் படமெடுத்துப் போடுங்கள். பிறகு பேசுவோம்.

கொரட்டூர்க்காரன்

மிக்க நன்றி ஐயா. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. பம்ப் சத்தம் அணைந்து நிற்கும்போதும் கேட்கிறது.

பேட்டரி செல்ஃபில் 10.6 வோல்ட். மூன்று சென்சார்களிலும் அலை வருகிறது. ஒன்று சுற்றுக்கு ஒரு துடிப்பு, இன்னொன்று நான்கு, மூன்றாவதில் நெருக்கமாக நிறைய. அந்த நெருக்கமானதில் செல்ஃபின்போது உச்சிக்கு உச்சி 0.9 வோல்ட், ஐடிலிங்கில் 3.8. நீங்கள் சொன்ன விகிதம்.

ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, ஐடிலிங்கில் எல்லாத் துடிப்புகளும் ஒரே உயரம் இல்லை. 3.8இல் தொடங்கிப் படிப்படியாக 3.1க்கு இறங்கி மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். இரண்டாவது, நான்கு இடங்களில் அலையின் மேல் மெல்லிய ஊசி போன்ற கோடுகள் நிற்கின்றன. இதுதான் கோளாறா?

பழைய ஃபிட்டர்

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஊசிக் கோடுகள் தீப்பொறியின் எதிரொலி. நான்கு சிலிண்டருக்கு நான்கு. காயிலும் சென்சாரும் ஒரே டப்பாவுக்குள் இருந்தால் கொஞ்சம் வரத்தான் செய்யும். அந்த ஊசி பூஜ்யக் கோட்டைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி. ஏனென்றால் ஈசியூ அலையின் உயரத்தை வைத்து நேரம் கணிப்பதில்லை. பல் சரியாக முனைக்கு எதிரே வரும் கணத்தில் அலை செங்குத்தாகப் பூஜ்யத்தைக் கடக்கிறது அல்லவா, அந்தக் கடப்பைத்தான் எண்ணுகிறது. ஊசி தன் பங்குக்கு ஒரு பொய்க் கடப்பை உண்டாக்கினால் இல்லாத பல்லை எண்ணிவிடும். உங்கள் படத்தில் ஊசிகள் உச்சிக்கு அருகே நிற்கின்றன. விட்டுவிடலாம்.

இதே காரணத்தால், யாராவது பழுது பார்க்கும்போது சென்சாரின் இரண்டு கம்பிகளை இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தால் அலை தலைகீழாகும். வோல்ட்டும் ஓமும் அப்படியே இருக்கும். நேரம் மட்டும் தப்பும். உங்கள் வயரிங் யாரும் கை வைக்காதது போலத் தெரிகிறது.

3.8 இறங்கி 3.1 ஆவது வேறு விஷயம். கோட்டம் விழுந்த சைக்கிள் சக்கரம் ஒரே இடத்தில் பிரேக் கட்டையை உரசுவதுபோல, தண்டு மையம் விலகிச் சுழல்கிறது. ஒரு பக்கம் பல் முனையை நெருங்குகிறது, எதிர்ப் பக்கம் விலகுகிறது. மூடியைக் கழற்றி ரோட்டார் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தட்டுப்பட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. உள்ளே செந்தூள் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இடைவெளியை அளக்க நினைத்தால் பித்தளை ஃபீலர் கேஜ் வேண்டும். இரும்பு கேஜைக் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அளவும் பொய்யாகும்.

பேரிங் பார்க்க வேண்டிய வேலைதான். ஆனால் சூடானால் அணைவதற்கு இது காரணமாகத் தெரியவில்லை. 3.1 வோல்ட் ஈசியூவுக்குத் தாராளம். பார்த்த முதல் குறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

உங்களுக்கு இனி வேண்டியது ஒரே ஒரு படம்: வண்டி அணையும் கணம். ஒரு சேனலில் சென்சார். மறு சேனலில் தீப்பொறியின் சாட்சி. காயில் உள்ளே இருப்பதால் அதன் நெகட்டிவ் முனை எட்டாது. மீட்டர் பலகைக்குப் போகும் டாகோமீட்டர் (என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர்) கம்பியைப் பிடியுங்கள். காயில் வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு துடிப்பு வரும். சில வண்டிகளில் அந்தக் கம்பி நேராகக் காயிலிலிருந்தே வரும், அப்போது முந்நூறு வோல்ட்டுக்கு மேல் துள்ளும். அதனால் 10 மடங்கு புரோபை மறக்க வேண்டாம்.

சாலையில் செய்யாதீர்கள். வாசலில் திறந்த வெளியில் நிறுத்தி, பானெட்டை மூடி, ஏ.சி.யைப் போட்டு ஐடிலிங்கில் விடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு கேட்டுக்கொண்டு வராது. ஸ்கோப்பை ரோல் நிலையில் (அலை நிற்காமல் நகர்ந்துகொண்டே வரும் நிலை) கட்டத்துக்கு 200 மில்லி விநாடி வைத்து, திரைக்கு எதிரே கைப்பேசியை நிறுத்தி வீடியோ ஓடவிடுங்கள். அணையும் நேரத்தில் ஸ்டாப் பொத்தானை அழுத்த மனிதக் கை போதாது. வீடியோவைப் பின்னால் நிதானமாக ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் பார்க்கலாம்.

எது முதலில் நின்றது என்று பாருங்கள். சென்சார் குற்றவாளி என்றால் அதன் அலை முழு உயரத்தில் இருக்கும்போதே திடீரென்று அறுந்துவிழும், அதற்குப் பிறகுதான் டாகோ துடிப்பு நிற்கும். சென்சார் நிரபராதி என்றால் டாகோ துடிப்பு முதலில் போகும். என்ஜின் தன் வேகத்தில் இன்னும் ஓரிரு சுற்று உருளும். அந்தச் சுற்றுகளில் சென்சார் அலை இடைவெளி அகன்று, உயரம் குறைந்து, மெல்ல அடங்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மெதுவாக அடங்கினால் தீப்பொறியை விட்டுவிட்டு பெட்ரோல் பக்கம் போங்கள்.

பெசன்ட் நகர் பழைய கார்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது மூன்று கம்பி டிஸ்ட்ரிபியூட்டர். கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து தனியாக மின்சாரம் கொடுத்து, கையால் தண்டைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்கோப்பில் ஒன்றுமே வரவில்லை. செத்துவிட்டதா?

பழைய ஃபிட்டர்

செத்திருக்க வேண்டியதில்லை. மூன்று கம்பி என்றால் ஹால் வகையாகவோ (காந்தப்புலத்தை உணரும் சிப்) ஒளி வகையாகவோ இருக்கும். ஒன்று சப்ளை, ஒன்று எர்த், ஒன்று சிக்னல். பெரும்பாலான ஹால் சென்சார்கள் தாமாக வோல்ட் கொடுப்பதில்லை; சிக்னல் கம்பியை எர்த்துக்கு இழுக்கும், விடும், அவ்வளவுதான். மேலே தூக்கிப் பிடிக்கும் மின்தடை ஈசியூவுக்குள்ளோ இக்னிஷன் மாட்யூலுக்குள்ளோ இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிவிட்டால் தூக்குவதற்கு ஆளில்லை. சிக்னல் கம்பிக்கும் சப்ளைக்கும் நடுவே சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றை வைத்து மறுபடி சுற்றுங்கள். சப்ளை எல்லா வண்டிகளிலும் 12 வோல்ட் அல்ல, 5 வோல்ட்டிலும் 8 வோல்ட்டிலும் ஓடுபவை உண்டு. உங்கள் வண்டியின் கனெக்டரில் என்ன வருகிறது என்று அளந்த பிறகு அதையே கொடுங்கள்.

ஹால் அலை சதுரமாக இருக்கும், வேகம் கூடினாலும் உயரம் மாறாது. பார்க்க வேண்டியது கீழ்மட்டம். பூஜ்யத்தை ஒட்டி இறங்காமல் ஒரு வோல்ட்டிலேயே தொங்கினால், சென்சாரைத் திட்டுவதற்கு முன் எர்த் கம்பியைத் தேடுங்கள். பெசன்ட் நகர் என்கிறீர்கள். கடல் காற்றில் எர்த் முனைகள்தான் முதலில் போகும்.

பாஷ் பாணி டிஸ்ட்ரிபியூட்டர்களில் தகரத் தகடு ஒன்று ஹாலுக்கும் காந்தத்துக்கும் நடுவே சுழலும். தகடு மறைக்கும்போது சிக்னல் மேலே, காயில் நிரம்பும். தகடு விலகும் கணத்தில் சிக்னல் கீழே விழும், பிளக்கில் பொறி. கையால் சுற்றிப் பார்க்கும்போது இதை வைத்தே சரிபார்க்கலாம். ஒளி வகை நிசான் வண்டிகளில் அதிகம்: 360 துளைகள் கொண்ட தட்டு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டரின் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு துடிப்பு. அதற்கு எமன் எண்ணெய் ஆவி. சீல் கசிந்து கண்ணாடியில் படிந்தால் துடிப்புகள் அங்கங்கே காணாமல் போகும்.

கொரட்டூர்க்காரன்

ஐயா, படம் கிடைத்துவிட்டது! நீங்கள் சொன்னபடி வாசலில் வைத்து ஏ.சி. போட்டு விட்டோம். எதிர்வீட்டுக்காரர் வந்து வண்டி விற்பனைக்கா என்று கேட்டுப் போனார். அணைந்ததும் வீடியோவை நகர்த்திப் பார்த்தால், டாகோ துடிப்பு முதலில் நிற்கிறது. அந்த நேரத்தில் சென்சார் அலை முழு உயரத்தில் இருக்கிறது. அதன் பிறகு இடைவெளி அகன்று அடங்குகிறது. சூடாக இருக்கும்போதே செல்ஃப் அடித்தேன். சென்சாரில் அதே 0.9 வோல்ட். டாகோவில் ஒன்றுமில்லை.

அப்படியானால் சென்சார் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? காயிலா, இக்னைட்டரா, ஈசியூவா?

பழைய ஃபிட்டர்

எடுத்துக்கொள்ளலாம். மூன்று சென்சார்களில் நீங்கள் பார்த்தது ஒன்று என்பதால் மற்ற இரண்டையும் சூட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு அந்தப் புரோபைச் சென்சாரிலிருந்து எடுத்து, ஈசியூவிலிருந்து இக்னைட்டருக்கு வரும் கட்டளைக் கம்பியில் வையுங்கள். சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது அங்கே சதுர அலை வந்தால், ஈசியூ தன் வேலையைச் செய்கிறது, சென்சார்களையும் நம்புகிறது என்று பொருள். இக்னைட்டருக்கு வரும் சப்ளையையும் அதே நேரத்தில் பாருங்கள். சாவியின் தொடர்பு தேய்ந்து அங்கே வோல்ட் வராமல் போவதும் உண்டு.

இரண்டும் இருந்தால் மிச்சம் இக்னைட்டரும் காயிலும். காயிலின் பிரைமரி சுருளைச் சூட்டில் அளந்தால் ஒரு ஓமை ஒட்டி வரும், அறுந்திருந்தால் தெரிந்துவிடும். அறுந்திராவிட்டால் ரிச்சி தெருவில் கிடைக்கும் குளிர்விக்கும் ஸ்ப்ரேயை இக்னைட்டர் மேல் மட்டும் அடியுங்கள். சாவி அணைந்திருக்க வேண்டும், பெட்ரோல் வாடை எதுவும் இருக்கக் கூடாது. சில ஸ்ப்ரேக்கள் தீப்பிடிப்பவை. டப்பாவைப் படித்து வாங்குங்கள். அடித்த கையோடு வண்டி கிளம்பினால் விசாரணை முடிந்தது.

கொரட்டூர்க்காரன்

முடிந்தது ஐயா. மூன்று சென்சார்களும் சூட்டில் சரி. கட்டளைக் கம்பியில் சதுர அலை வருகிறது, சப்ளையும் வருகிறது. பிரைமரி அறுந்திருக்கவில்லை. ஸ்ப்ரே அடித்ததும் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. இக்னைட்டர் மட்டும் தனியாகக் கிடைத்தது. கழற்றியபோது அதன் முதுகில் இருந்த வெள்ளைப் பசை சுண்ணாம்பாக உதிர்ந்தது. புதியதைப் போட்ட பிறகு நேற்று மதியம் திருமங்கலம் நெரிசலில் வேண்டுமென்றே கொண்டுபோய் நிறுத்தினேன். அணையவில்லை.

மெக்கானிக்கிடம் வீடியோவைக் காட்டினேன். "டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தானே இருந்தது, நானும் அதைத்தானே சொன்னேன்" என்றார்.

ஜி.பி. ரோடு வாடிக்கையாளர்

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது!

பழைய ஃபிட்டர்

நியாயம் இருக்கட்டும், பில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பாருங்கள்.

தம்பி, புதிய இக்னைட்டரின் முதுகில் புதிய வெப்பப் பசை மெல்லிய படலமாகத் தடவினீர்களா? எழுதவில்லையே. அது உள்ளே பிறக்கும் சூட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்குக் கடத்துவதற்காக இருக்கிறது. தடவாமல் பூட்டியிருந்தால் இன்றே கழற்றித் தடவுங்கள். கணினிப் பிராசசருக்குப் போடும் பசை போதும், அதுவும் ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்.

கழற்றும்போதே பேரிங்கையும் முடித்துவிடுங்கள். 3.1 வோல்ட் இப்போது போதும். தேய்மானம் அங்கேயே நிற்காது, தண்டு ஆடி ஆடிப் பல் சென்சாரை உரசினால் அன்றைக்கு நிஜமாகவே சென்சார் போய்விடும். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டு எந்தப் பேரிங் கடையிலும் கேட்கலாம், கார் பெயரே சொல்ல வேண்டாம். எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். தண்டின் அடியில் இருக்கும் கப்ளிங்கை ஒரு சிறிய பின் பிடித்திருக்கும். அதை அடித்து எடுப்பதற்கு முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கும்போது கப்ளிங் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பெயின்ட் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 180 டிகிரி திருப்பிப் பூட்டினால் வண்டி கிளம்பாது. உங்கள் மெக்கானிக் மறுபடி மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.